எங்க ஆளுகதான்

புதுக்கோட்டையில் வீடு தேடி அலைந்த நாட்களில் ஒருவர்கூட என்னிடம் "நீ என்ன சாதி" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதிலுக்கு நாலு கேள்வி நானும் கேட்டிருப்பேன். அதற்கு இடமே கொடுக்காமல், சிரித்த முகத்தோடு, வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசியே என்னைத் தெருவுக்கு அனுப்பினார்கள். "எந்த ஊரும்மா?" என்பார்கள். குன்றாண்டார்கோவில் பக்கம் என்பேன். "அங்க எங்கிட்டு?" என்பார்கள். ஊர்ப் பேரைச் சொல்வேன். "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்று அடுத்த கேள்வி வரும். பிறகு குலதெய்வம் எங்கே இருக்கிறது, கெடா வெட்டுவீங்களா, அப்பா பேர் என்ன, தாத்தா பேர் என்ன. தெரிய வேண்டியது தெரிந்ததும் முகம் மாறாது. குரலும் மாறாது. "வீட்டுக்காரர் ஊருல இல்லம்மா. வந்ததும் போன் பண்ணச் சொல்றேன்." கதவை மெதுவாகத்தான் சாத்துவார்கள். ஓங்கிச் சாத்தினால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் வக்கீல். திருச்சியில் படித்து முடித்து, புதுக்கோட்டை கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. சீனியரின் ஆபீஸில் கட்சிக்காரர்கள் வந்து போகிற நேரமே சாயங்காலம்தான். நான் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டலிலோ ஏழு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். தினமும் வார்டனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைவது எனக்குப் பிடிக்கவில்லை. பகலெல்லாம் அடுத்தவர்களின் உரிமைக்காக மனு எழுதிவிட்டு, சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கெஞ்சிக்கொண்டு நிற்பது என்ன பிழைப்பு?

அந்த ஹாஸ்டலில்தான் அவள் பழக்கமானாள். திருமயம் பக்கத்துக்காரி. ஒரு பேங்கில் வேலை. என் வயதுதான். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். என் கவுனை அவள் அயர்ன் பண்ணிக் கொடுப்பாள். அவளுடைய ஸ்கூட்டியில் நான் கோர்ட்டுக்குப் போவேன். என் ஊர், என் தெரு, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா செய்த கறிக்குழம்பை இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். அதனால் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்று அவள் சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

எனக்கு எந்தப் பகுதியில் வீடு வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். இந்த ஊரின் நடு வீதிகள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் வருகிற பஸ் தெரியும். அந்த வீதிகளுக்குப் பக்கத்தில், கோர்ட்டுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில், ஒரு மாடி போர்ஷன். வீதியைப் பார்த்து ஒரு ஜன்னல். துணி காயப்போட மொட்டை மாடி. அவ்வளவுதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ போன என் தோழிகள் மெட்ரோ பக்கமா, ஆபீஸ் பக்கமா என்று ஏரியா தேர்ந்தெடுத்தார்கள். மாநகராட்சி என்று போர்டு மாற்றி எழுதிய ஊரில் நான் தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

முதலில் என் வேலையே எனக்கு எதிராக நின்றது. டூலெட் போர்டு தொங்கும் வீட்டில் மணியடித்து, "வக்கீலா இருக்கேங்க" என்றதும் ஒரு பெரியவர் கையைக் கூப்பிவிட்டார். "வக்கீலுக்கு வீடு விடுறதில்லம்மா. காலி பண்ணச் சொன்னா கேஸ் போடுவீக." பேங்க் வேலை என்று அவள் சொன்னதும் அதே பெரியவர், "நீங்க மட்டும்னா சொல்லுங்க" என்றார். வெளியே வந்து இருவரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது. வக்கீல் என்பதற்காக மறுத்தால் எனக்குப் பெருமைகூட.

பிறகு ஒரு புரோக்கரைப் பிடித்தோம். அவர் எங்களுக்கு மூன்று நாலு வீடுகள் காட்டினார். எல்லாவற்றிலும் "ஊருக்குள்ளயா, வெளியவா" வரைக்கும் வந்து பேச்சு நின்றது. கடைசியில் அவர் பைக்கை ஓரங்கட்டிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒங்களுக்குத் தோதான ஏரியா அங்கிட்டு இருக்கு. அங்கன்னா இன்னைக்கே முடிச்சுத் தந்துருவேன்."

அங்கிட்டு என்று அவர் கையைக் காட்டிய திசை எனக்குத் தெரியும். அங்கே எங்கள் ஜனம் இருக்கிறது. என் சித்தப்பா மகன்கூட இருக்கிறான். நல்ல பகுதிதான். அங்கே நானாக விரும்பிப் போனால் அது வேறு. தோதான இடம் எது என்று எனக்குச் சொல்ல இவர் யார்? "எனக்கு எது தோதுன்னு எனக்குத் தெரியும், நீங்க கிளம்புங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுடி, நாமளே பாத்துக்குவோம்" என்றாள்.

அந்த மாடி போர்ஷனை அவள்தான் கண்டுபிடித்தாள். பேங்குக்கு வருகிற ஒரு அம்மாவின் வீடு. இரண்டு மகன்களும் சிங்கப்பூரில். கீழே அந்த அம்மா தனியாக இருந்தார். வாசலில் வேப்பமரம், வீதியைப் பார்த்த ஜன்னல், மேலே மொட்டை மாடி. நான் மனசில் போட்டு வைத்திருந்த படத்தை யாரோ எடுத்துப் பார்த்துக் கட்டிய மாதிரி இருந்தது. முதல் நாள் வீடு பார்க்கப் போனபோது எனக்குக் கோர்ட்டிலிருந்து போன் வந்துவிட்டது. நான் மாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கீழே அவளும் அந்த அம்மாவும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கி வந்தபோது அந்த அம்மா அவளை "மகளே" என்றும் இவள் அவரைப் "பெரியம்மா" என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ உறவுமுறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று புரிந்தது. என்னிடம் அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவியை என் கையில் கொடுத்து, "ரெண்டு பேரும் சந்தோசமா இருங்க" என்றார்.

ஒரு கேள்வியும் கேட்காத மனுஷி ஒருத்தரையாவது பார்த்தோமே என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீருக்கும் சேர்த்துத்தான் கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய் வீட்டைக் கழுவினோம். பாத்ரூம் டைல்ஸில் படிந்த உப்புக்கறையை நான் பிளேடால் சுரண்டி எடுத்தேன். அவள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். மதியம் அந்த அம்மாவே சாம்பாரும் வெண்டைக்காய்ப் பொரியலும் கொண்டுவந்து, எங்களோடு தரையில் உட்கார்ந்து பரிமாறினார். "வக்கீலுக்குப் படிச்ச புள்ளை எப்படித் தேய்க்குது பாரு" என்று என் முதுகைத் தட்டினார். அப்பாவுக்குப் போன் போட்டு, "வீடு கிடைச்சுருச்சுப்பா, கோர்ட்டுலருந்து நடந்து வந்துரலாம்" என்றேன். அப்பா குவைத்தில் பல வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்து இப்போது ஊரில் லோடு வண்டி ஓட்டுகிறார். "பால் காய்ச்சுற அன்னைக்கு அம்மாவக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் மிச்சச் சாமான்களோடு போனோம். கீழே அந்த அம்மாவைப் பார்க்க ஊரிலிருந்து அவருடைய தம்பி வந்திருந்தார். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அந்த அம்மா தம்பியிடம் என்னைக் காட்டி, "இதுவும் நம்ம புள்ளைதான். குன்றாண்டார்கோவில் பக்கம்" என்றார்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? அங்கிட்டு நம்ம ஆளுக எத்தன தலைக்கட்டு இருக்கும்? நீ யாரு வகையறா ஆத்தா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினாள். அப்போது விளங்கியது. நான் மாடியில் போன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து, "மேல பால் வச்சுட்டு வந்துட்டோம் பெரியம்மா" என்று என்னை இழுத்துக்கொண்டு படியேறினாள். மேலே பாலும் இல்லை, அடுப்பும் இல்லை.

"என்னன்னு சொன்ன?" என்றேன்.

"கூட வந்த புள்ளை யாருன்னு கேட்டாங்க. எங்க ஆளுகதான்னு சொன்னேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"ஒனக்காகத்தான்டி சொன்னேன். நீ எத்தன வீட்டு வாசல்ல நின்ன? என்னால பாக்க முடியல. இப்ப என்ன குறைஞ்சு போச்சு? வாயத் தொறக்காம ரெண்டு வருசம் இருந்துட்டுப் போயிருவோம். ஒன் பேர வச்சு யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல."

என் பேரில் எந்த அடையாளமும் இல்லை. அப்பா அப்படி யோசித்துதான் வைத்தார். அது நான் ஒளிந்துகொள்வதற்காக அல்ல.

"எங்க அப்பா அம்மா வர்றாக. பால் காய்ச்சுற அன்னைக்கு. அவுககிட்ட யாரு வகையறான்னு இந்த அம்மா கேப்பாங்கள்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். உண்மையாகவே எனக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுக்கிற முகத்தோடு சொன்னாள்:

"அவுகள இங்கிட்டு வரச் சொல்ல வேணாம்டி. நீ பஸ் ஸ்டாண்டுல போய்ப் பாத்துக்க. அங்கயே ஓட்டல்ல சாப்பிட வச்சு அனுப்பிவிட்டா போச்சு."

எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். எதுவும் இந்த மாதிரி இல்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து அம்மா கையால் வாங்கிச் சாப்பிட்டவள், அதே அம்மாவைப் பஸ் ஸ்டாண்டோடு திருப்பி அனுப்பச் சொல்கிறாள். அதைச் சொல்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தாள். படியிறங்கிப் போனேன்.

தம்பி காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா, ஒரு விசயம். நான் ஒங்க ஆளு இல்ல. இவ தப்பா சொல்லிட்டா. எங்க தெரு ஊருக்கு வெளிய இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தாமல் என் சாதிப் பேரையும் சொன்னேன். எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிற அந்த வார்த்தையை நானாவது நேராகச் சொல்லிவிடலாம் என்று.

தம்பி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அந்த அம்மா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது.

"அதுக்கென்னம்மா. நான் அதெல்லாம் பாக்குறவ இல்ல. எல்லாரும் மனுசங்கதானே."

"அப்ப நாங்க வெள்ளிக்கிழம பால் காய்ச்சிக்கிறோம்."

"இல்லம்மா… பெரியவன் சிங்கப்பூர்லருந்து வாரேங்கிறான். மாடி வேணுமாம். நேத்துத்தான் போன் பண்ணான். ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தவிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நேத்தா? இப்ப ஒரு நிமிசத்துக்கு முன்னாடி நம்ம புள்ளைன்னு சொன்னீங்க."

"நல்ல புள்ளைதாம்மா நீ. ஒன்னைய நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லுங்க. அதத்தான் கேக்குறேன். எதுக்கு வீடு இல்லைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

"ஏம்மா சத்தம் போடுற? அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

சத்தம் போட்டேன்தான். வாசலுக்கு வந்து, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தண்ணி மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள். என்ன சண்டை என்று கேட்க வசதியாக. மாடிகளில் தலைகள் தெரிந்தன. ஒருத்தரும் இறங்கி வரவில்லை. ஒருத்தரும் என்னைத் திட்டவும் இல்லை. "பாவம், படிச்ச புள்ளை" என்று ஒரு குரல் கேட்டது. அந்தப் பாவத்தைக் கேட்டதும் எனக்கு வந்த வெறியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு நடந்தேன். கோர்ட்டில் நான் ஒருநாளும் பேசாத வார்த்தை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

மறுநாள் அவள் என் சாமான்களை ஸ்கூட்டியில் ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாவே ஒரு அரிசிச் சாக்கில் பத்திரமாகக் கட்டிக் கொடுத்திருந்தார். வாளி, விளக்குமாறு, நான் ஆணியடித்து மாட்டிய காலண்டர், பாதி தேய்ந்த பாத்திரம் விளக்குகிற சோப்பு. அந்தச் சோப்பைக்கூட ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தார்.

"ஒன் சாமான் எங்க?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "பெரியம்மா என்னைய இருக்கச் சொல்றாங்கடி. எனக்கும் ஹாஸ்டல் ஒத்துவரல. நான் காலி பண்ணிட்டா மட்டும் ஒனக்கு வீடு கிடைச்சுருமா?"

"பெரியவன் சிங்கப்பூர்லருந்து வரலயா?"

அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சீனியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "சட்டத்துல இடம் இருக்கும்மா. ஆனா என்ன சாட்சி? அந்த அம்மா ஒரு வார்த்தை தப்பாப் பேசல. அவங்க தம்பி சொல்லமாட்டாரு. ஒன் பிரண்டு வந்து சொல்லுமா? ஆமா, எங்க ஆளுகன்னு நான் சொன்னேன், அதனால சாவி குடுத்தாங்க, உண்மை தெரிஞ்சதும் வீடு இல்லைன்னாங்கன்னு சொல்லுமா? சொன்னா நானே கேஸ் நடத்துறேன்."

அவளுடைய பேங்குக்கே போனேன். மதிய இடைவேளையில் வாசலுக்கு வந்தாள். சாட்சி சொல்ல வருவியா என்று கேட்டேன்.

"என்னைய இதுல இழுக்காத. எங்க வீட்டுல தெரிஞ்சா வேலைய விடச் சொல்லிருவாங்க. அந்த அம்மா எங்களுக்குச் சொந்தம்டி."

"அன்னைக்கு நானும் சொந்தம்தானே?"

"ஒன் நல்லதுக்குத்தான் சொன்னேன்னு எத்தன தடவ சொல்றது?" என்று அழுதாள். அவள் அழுததும் பேங்கில் வேலை பார்க்கிறவர்கள் வந்து அவளைச் சமாதானம் செய்தார்கள். என்னைத்தான் ஏதோ கொடுமைக்காரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். நான் வெயிலில் நடந்து கோர்ட்டுக்குத் திரும்பினேன்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஊருக்குப் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. லோடு வண்டியின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பா மகன் இருக்குற பக்கம் பாரேன் ஆத்தா. நம்ம சனத்தோட இருந்தா ஒரு ஒத்தாசை" என்றார்.

"நீங்களும் அதே திசையக் காட்டுறீங்களேப்பா" என்று கத்தினேன். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அப்பா வண்டியைச் சுற்றி வந்து மறுபக்க டயரையும் உதைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, நீ எங்க பாக்குறியோ பாரு. வண்டி எடுத்துக்கிட்டு வாரேன்" என்றார். சொன்னபடியே அடுத்த இரண்டு ஞாயிறும் வண்டியோடு வந்து என்னோடு தெருத்தெருவாக அலைந்தார். கேள்விகள் வந்தபோது நான் சுற்றவிடவில்லை. எடுத்த எடுப்பிலேயே ஊர், தெரு, சாதி மூன்றையும் நானே சொன்னேன். "இதுல ஒங்களுக்குப் பிரச்சனைன்னா இப்பவே சொல்லிருங்க, நேரம் மிச்சம்" என்பேன். முகங்கள் வெளிறிப் போகும். ஒரு வீட்டில் அப்பா சங்கடப்பட்டு என் முழங்கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. அவர்கள் சங்கடப்படட்டும். இத்தனை நாள் நான் பட்டேன்.

கடைசியில் வீடு கிடைத்தது. நேரான வீதியும் இல்லை, வேப்பமரமும் இல்லை. ஊருக்கு வெளியே புதிதாக பிளாட் போட்ட ஒரு நகரில், வரிசையாகக் கருவேலம் வெட்டிய மனைகளுக்கு நடுவே ஒற்றை வீடு. வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இருக்கிறார். போனிலேயே பேசினார். நான் என் மூன்று விவரங்களையும் ஒப்பித்தபோது, "அதெல்லாம் நான் கேக்கவே இல்லீங்களே" என்று திகைத்தார். "நான் சொல்றேன்ல" என்றேன். "மோட்டார் ரிப்பேருங்க, அத மட்டும் நீங்க பாத்துக்கிட்டா போதும்" என்றார். தெருவிளக்கு இல்லாததால் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கிக்கொண்டேன். பால் காய்ச்ச அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, "வத்தல் போட நல்ல இடம்" என்றாள்.

அது எனக்குக் கிடைத்த வீடு. நான் தேர்ந்தெடுத்த வீடு இல்லை. இரண்டும் ஒன்றுதான், பரவாயில்லை, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வருகிறவர்களை நான் பேசவிடுவதில்லை. கோர்ட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருபது வீடாவது காலியாகக் கிடக்கிறது. தினமும் அந்த டூலெட் போர்டுகளைத் தாண்டித்தான் வண்டி ஓட்டுகிறேன்.

போன மாதம் உழவர் சந்தையில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் பேசினாள். இளைத்திருந்தாள்.

"இன்னும் கோவமாடி?"

"ஆமா."

"பெரியம்மா ஒன்னையப் பத்தி அடிக்கடி கேப்பாங்க. நல்ல புள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்பாங்க." சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "நான் என்ன பண்ணுனா ஒனக்குக் கோவம் போகும்? சொல்லு, செய்யுறேன்" என்றாள்.

"என்ன செய்யணும்னு அன்னைக்கே சொன்னேன். பேங்க் வாசல்ல."

அவள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பின்னாலிருந்து யாரோ அவளைக் கூப்பிட, "வாரேன்டி" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கடைக்காரர் நிறுத்து வைத்த தக்காளியைக்கூட வாங்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.